தப்பு சொல்ல ஆள் தேவை

மேட்டுப்பாளையத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்த வானுந்தின் இடப்பக்க நடு விசிறி நின்றுபோனபோது, அதை ஓட்டும் சபை அம்பாசடர் காரின் கியர் கம்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

“மொதல்ல அது ஸ்டீயரிங்கை ஒட்டித்தான் இருந்துச்சு. தரைக்கு எறங்குனது பொறவு,” என்றது கூரை ஒலிபெருக்கியிலிருந்து ஒரு கரகரத்த குரல்.

“அதை யாரும் மறுக்கவில்லை, தங்கவேல். எந்த மாடலில் இறங்கியது என்பதுதான் வழக்கு,” என்றது இன்னொரு குரல். கஞ்சி போட்ட சட்டையைப் போல விறைப்பான குரல்.

உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் கோவை வாகன ஆர்வலர் மன்றத்தார். கோத்தகிரியில் நடக்கும் பழைய கார் கண்காட்சிக்குப் போகிறார்கள். கச்சேரி கேட்பவர்களைப் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் மன்றத் தலைவர் கவின் விரலை உயர்த்திவிட்டார். விரலை உயர்த்தாமல் அவரால் ஒரு வாக்கியத்தையும் தொடங்க முடியாது. பக்கத்தில் அவர் மனைவி தர்ஷினி, மடியில் தேங்காய் பன் நிறைந்த தூக்குப்பையோடு சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பீளமேட்டில் பேக்கரி நடத்துகிறவள். காருக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது என்பதுவரை தெரியும், அதற்கு மேல் தெரிந்துகொள்ளும் ஆசை அவளுக்கு இருந்ததில்லை.

அப்போதுதான் அடியிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் வந்தது. வண்டி இடப்பக்கம் சாய்ந்து, மெல்ல வட்டமடிக்கத் தொடங்கியது. சன்னலில் மலை வந்தது, மேட்டுப்பாளையம் வந்தது, மறுபடி மலை வந்தது. இந்தமுறை மலை கொஞ்சம் உயர்ந்திருந்தது.

“ஆறு விசிறில ஒண்ணு போச்சு,” என்றார் பின்வரிசை இம்ரான், கவினின் நாற்பது வருட நண்பர், நாற்பது வருட எதிரி. “எறங்கிட்டே இருக்கறோம் மாப்ள. கீழ பூராவும் பாறை.”

பழைய தானியங்கி மூளைகளாக இருந்தால் இந்நேரம் கதை முடிந்திருக்கும். அவை கையேட்டைப் படித்து வளர்ந்தவை. கையேட்டில் உள்ளது நடந்தால் கடவுளைப் போல ஓட்டும், இல்லாதது நடந்தால் கல்லைப் போல விழும். கையேட்டில் இல்லாததெல்லாம் எங்கேதான் இருக்கிறது என்று தேடிய சிறகி நிறுவனத்துப் பொறியாளர்களுக்கு ஒருநாள் ஞானம் பிறந்தது. அது வாகனப் பைத்தியங்களின் அரட்டையில் இருந்தது. ‘சக்கரமும் சிறகும்’ என்ற இணையக் களத்தில் அவர்கள் எழுதிக் குவித்ததை அச்சடித்து அடுக்கினால் நிலாவுக்குப் படிக்கட்டு கட்டி, மிச்சத்தில் கைப்பிடிச் சுவரும் வைக்கலாம். எந்த லாரிக்கு எந்தக் குளிரில் எந்த ஆணி கழன்றது, எந்த விமானி எந்தக் கரும்புத் தோட்டத்தில் எப்படி இறக்கினார் என்பதெல்லாம் அதில் இருந்தது. அத்தனையையும் இயந்திரத்துக்கு ஊட்டி, அங்கே வம்பளந்த ஐந்நூறு பேரையும் ஐந்நூறு குரல்களாக உள்ளே உட்கார வைத்தார்கள். அதுதான் சபை.

சபைக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பெரும்பான்மை சொன்னால் போதும் என்று விட்டிருந்த முதல் மாடல், ஒரு கல்யாண மண்டபத்தின் பந்திக்குள் இறங்கி ரசத்தில் நின்றது. அதன்பிறகு சட்டம் வந்தது. கையேட்டில் இல்லாத காரியம் எதுவானாலும் ஐந்நூறு பேரும் ஒப்பினால்தான் செய்யலாம். ஓட்டும் பிடியோ மிதியோ வண்டியில் கிடையாது. வைத்திருந்தால் ஆர்வலர்கள் அடித்துக்கொள்வார்கள் என்று எடுத்துவிட்டார்கள்.

கவின் எழுந்து நின்று, கூரையைப் பார்த்துக் கைகூப்பினார். “சபையோரே, ஒரு விசிறி இறுகிப் போச்சுங்க. என்ன பண்ணலாமுங்க?”

“அருமையான கேள்வி,” என்றது விறைப்பான குரல். களத்தில் அந்த ஆளுக்கு வால்சிறகு என்று புனைபெயர். “விசிறி இறுகுவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, தாங்கியில், அதாவது பேரிங்கில், உள்ள குண்டுகள்...”

“குண்டு இல்லீங், உருளை,” என்றது டீசல் தங்கவேல்.

“குண்டு.”

“உருளைன்னு நான் அப்பவே படத்தோட போட்டிருக்கறேன், வேணும்னா போய்ப் பாருங்க.”

மற்ற நானூற்றுச் சொச்சம் குரல்களும் ‘குண்டு’, ‘உருளை’ என்று இரண்டு கட்சியாகப் பிரிந்தன. ஒலிபெருக்கியில் சந்தைக்கடை இரைந்தது. சன்னலில் மலை வந்தது. பாறையின் மேல் படிந்த பாசிகூட இப்போது தெரிந்தது.

“உருளைதானுங்க,” என்று கவின் விரலை உயர்த்தியதும் சபை முழுவதும் அவர் பக்கம் திரும்பி, அவருடைய கட்சி எது, ஆதாரம் எங்கே என்று விசாரிக்கத் தொடங்கியது. பின்வரிசையில் இருவர் குண்டுக் கட்சிக்கு ஆதரவாக எழுந்துவிட்டார்கள். இம்ரானுக்கு உயிர் போகிற பயம். அந்தப் பயத்திலும், குண்டா உருளையா என்பதில் தமக்கு ஒரு மூன்றாவது கருத்து இருப்பது அவர் முகத்தில் தெரிந்தது.

தர்ஷினி பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் இந்த இரைச்சலை எங்கேயோ கேட்டிருக்கிறோம் என்றும் தோன்றியது. எங்கேயோ இல்லை, வீட்டில்தான். மிக்ஸி ஏன் ஓடவில்லை என்று கவினைக் கேட்டால், “பாக்கலாம் அம்மிணி” என்று தொடங்கி மிக்ஸியின் வரலாறு வரும், மிக்ஸி மட்டும் ஓடாது. அதனால் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். “ராத்திரி குளுருக்குக் கரண்டு உள்ள உறைஞ்சு போச்சுங்க போல” என்று சும்மா சொல்லி வைப்பாள். மனிதர் சாப்பாட்டில் பாதியில் எழுந்து திருப்புளியோடு ஓடி வருவார். மனைவி தப்பாகப் பேசியதைக் கேட்டுக்கொண்டு ஒரு வாய் சோறு இறங்காது அவருக்கு.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“நின்னுபோன விசிறிக்கு நேரெதிர்ல இருக்கறதை இன்னும் வெசையாச் சுத்த விட்டாச் சரியாப் போயிருமுங்க,” என்றாள் சத்தமாக.

சந்தைக்கடை சட்டென்று அடங்கியது.

“தப்பு,” என்றன ஐந்நூறு குரல்களும் ஒன்றாக. கூரை அதிர்ந்தது. “அப்படிச் செய்தால் வண்டி கவிழ்ந்துவிடும். எதிரில் உள்ளதைக் குறைக்க வேண்டும். இதோ பாருங்கள்.”

காட்டியே தீருவது என்ற வெறியில் சபை எதிர் விசிறியைக் குறைத்தது. வட்டம் நின்றது. வண்டி நிமிர்ந்தது. இறங்குவது மட்டும் நிற்கவில்லை.

இம்ரான் வாயைப் பிளந்தார். “தங்கச்சிமா, ஐந்நூறு பேரும் எதுலயாச்சும் ஒத்துப்போய் நான் பாத்ததேயில்ல.”

“ஒண்ணுல ஒத்துப்போவாங்கண்ணா. அடுத்தவன் சொல்றது தப்புங்கறதுல.”

“அப்ப நாங்களும் சொல்றோம். டேய் மாப்ள, நீயும் ஏதாச்சும் தப்பாச் சொல்லு.”

கவின் முயன்றார். அந்த மனிதர் முயன்றதைக் கண்ணால் பார்த்தவர்கள் சாட்சி. “அம்பாசடருக்கு எஞ்சின்... எஞ்சின் வந்து... பின்...” என்றார். நெற்றி வியர்த்தது, உதடு கோணியது, கண்ணில் நீர் கோத்தது. “முன்னாலதான் இருந்துச்சு,” என்று முடித்துவிட்டு இருக்கையில் சரிந்தார். இம்ரானுக்கும் அதே கதி. உயிரை விடலாம், தப்பான தகவலை விட முடியாது என்று வளர்ந்த கூட்டம் அது.

“சரி, யாரும் வாயத் தொறக்காதீங்க. நான் என்ன சொன்னாலும் திருத்தக் கூடாது. நீங்க திருத்துனா அவங்க உங்ககிட்டச் சண்டைக்கு வந்துருவாங்க,” என்றாள் தர்ஷினி. சொல்லிவிட்டு, “காத்து மலைல மோதுனாக் கீழதானுங்க எறங்கும். அதனால மலைய விட்டுத் தள்ளிப் போயிரலாம்,” என்றாள் கூரையைப் பார்த்து.

கவினின் விரல் உயர்ந்தது. அவள் பார்க்கக்கூட இல்லை. பையிலிருந்து ஒரு தேங்காய் பன்னை எடுத்து அவர் வாயில் முழுதாகத் திணித்தாள். பின்வரிசைக்கும் பையைக் கொடுத்தாள். அவரவர் பன்னை அவரவர் வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

“தப்பு,” என்றது சபை. “சமவெளிக் காற்று சரிவில் மோதினால் மேலே ஏறும். பருந்து எப்படிச் சிறகாட்டாமல் மிதக்கிறது என்று நினைத்தீர்கள்?”

வானுந்து மலையை நோக்கித் திரும்பியது. பாறை சன்னலை நிறைத்தது, ஒரு மரக்கிளை கண்ணாடியை உரசிப் போனது. அந்தக் கணத்தில் அடியிலிருந்து ஒரு பெரிய உள்ளங்கை தாங்கியதுபோல் வண்டி எழும்பியது. சரிவை ஒட்டி, ஒட்டி, காற்றின் மேல் ஏறிக்கொண்டே போயிற்று. பன் அடைத்த வாய்களிலிருந்து மூக்கு வழியாகப் பெருமூச்சு வந்தது.

மேலே தேயிலைத் தோட்டங்களும் ஒரு பள்ளிக்கூடத்து மைதானமும் தெரிந்தன. மைதானம் காலியாக இருந்தது. தர்ஷினிக்கு அங்கே இறங்குவதா கூடாதா என்று நிஜமாகவே தெரியவில்லை. எப்போதும்போல் தப்பாகத்தான் இருக்கும் என்று நம்பி, “அந்த கிரவுண்டுல எறங்கிரலாமுங்க,” என்றாள்.

“சரிதான்,” என்றது வால்சிறகு தயக்கத்தோடு. “ஆனால்...”

“ஆனா என்னங்? வேலி இருக்குது, பாக்கலியா?” என்றது தங்கவேல்.

“வேலி தாழ்ந்தது.”

“தாழ்ந்ததா? எத்தனை அடின்னு சொல்லுங்க பாக்கலாம்.”

சந்தைக்கடை மறுபடி இரைந்தது. மைதானம் பின்னால் போனது. அதோடு சரிவும் போனது, காற்றும் போனது. வண்டி உதறிக்கொண்டு இறங்கத் தொடங்கியது. தர்ஷினி தப்பிப் போய்ச் சரியானதைச் சொல்லிவிட்டாள். இந்தமுறை தப்பாமல் தப்பாக இருக்க வேண்டும். எதிரே ஒரு மாதா கோயில் தெரிந்தது.

“அந்தக் கோபுர முனைல, சிலுவைக்கு மேல நிறுத்திருங்க. கெட்டியாப் புடிச்சுக்கும்,” என்றாள்.

“தப்பு,” என்று அலறியது சபை. ஒரு குரலாவது விக்கி அழுதது. “தேயிலைச் செடி. கவாத்து செய்து, மட்டமாக அடர்ந்த தேயிலைச் செடி இருக்கும்போது கோபுரமாம். கொடுமை.”

இறங்கியது வண்டி. பச்சை மெத்தையில் முப்பதடி சறுக்கி, ஒரு செடியைக்கூட வேரோடு பிடுங்காமல் நின்றது. தோட்டத்தில் இலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு ஓடி வந்தபோது, வாய் நிறையப் பன்னோடு ஒரு மன்றமே கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

சிறகி நிறுவனம் சபையைச் சரிசெய்திருக்கலாம். சரிசெய்ய ஒரு குழு போட்டார்கள். குழு இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் மலிவான வழி ஒன்றை நிர்வாகம் கண்டுபிடித்தது. ஒவ்வொரு வானுந்துக்கும் ஒரு பிழையுரைஞர். ஆபத்து வந்தால் எழுந்து, தெளிவான குரலில் தப்பாகப் பேச வேண்டும். அதுதான் முழு வேலை. பிழையுரைஞர் தலைவி, தர்ஷினி.

நாடே தலைகீழானது. ‘தப்பு சொல்ல ஆள் தேவை’ என்ற விளம்பரத்துக்கு வந்த கூட்டத்தில் அவிநாசி சாலை அடைத்தது. நேர்முகத்தில் டயர் எதனால் ஆனது என்று கேட்பார்கள். ரப்பர் என்றவன் வெளியே. கம்பளி என்றவனுக்கு நாற்காலி. மாப்பிள்ளை வீட்டார், “எங்க பையனுக்கு சைக்கிள்கூட என்னன்னு தெரியாதுங்க,” என்று பெருமையடித்துக்கொண்டார்கள். அதைக் கேட்டுப் பெண் வீட்டார் மலர்ந்தார்கள். மாறாக, ஆர்வலர்கள் பாடு திண்டாட்டமானது. அவர்கள் வானுந்தில் ஏற வேண்டுமானால் வாய்ப்பூட்டு மாட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். மெத்தென்ற ரப்பர் பட்டை, பின்கழுத்தில் கொக்கி. கவின் அதற்குப் பழைய பந்தயக் கார் கோடுகள் வரைந்து மாட்டிக்கொண்டார்.

தர்ஷினி பறந்தாள். பறந்த இடத்திலெல்லாம் தப்பாகப் பேசினாள், சபை திருத்தியது, வண்டி பத்திரமாக இறங்கியது. ஆனால் ஒரு மனுஷி எத்தனை முறைதான் திருத்தப்படுவாள்? ஒவ்வொரு திருத்தமும் காதில் தங்கியது. இடிமேகத்தின் அடி எப்படி இருக்கும், மின்கலம் எந்த வாசனையில் கோபிக்கும் என்பதெல்லாம் அவளையறியாமல் அவளுக்குள் குடியேறிவிட்டது. இட்லி ஊற்றும்போதே வீட்டுக்கு மேலே போகும் வானுந்தின் விசிறி சுருதி பிசகியிருப்பது தெரிந்தது. வெளியே சொன்னால் வேலை போகும் என்று வாயைத் திறக்கவில்லை.

நிறுவனமும் ஒரு காரியம் செய்தது, யாரிடமும் சொல்லாமல். சபை இன்னும் தேறட்டும் என்று, பயணங்களில் பேசப்பட்டதையெல்லாம் அதற்குள் சேர்க்கத் தொடங்கியது. எந்தக் குரல் பேசிய பிறகு வண்டி பத்திரமாக இறங்கியதோ, அந்தக் குரலுக்கு எடை கூட்டச் சொன்னார்கள். கணக்கு ரொம்ப நியாயமானது. நிறைய எடை சேர்ந்தால் மற்ற குரல்கள் அடங்கிப்போகும், சண்டை இருக்காது. அதிகாரிகள் அகமகிழ்ந்தார்கள். சபை முன்னைப்போல் கத்துவதில்லை, கண்ணியமாக ஒரே குரலில் பேசுகிறது என்று பத்திரிகைகள் எழுதின.

வால்பாறைக்குப் போகும் வானுந்தில் அன்று கவினும் ஏறியிருந்தார், வாய்ப்பூட்டோடு. ஆழியாறு அணைக்கு மேலே வந்தபோது தர்ஷினியின் மூக்கு நிமிர்ந்தது. சூடான ஊறுகாய் ஜாடியைத் திறந்ததுபோல் ஒரு வாசனை. காலுக்கடியில் தரை வெதுவெதுத்தது. மின்கலப் பெட்டி காய்கிறது. உடனே இறங்கியாக வேண்டும், அணைக்கரை மணலில். தாமதித்தாலோ வேகமெடுத்தாலோ காற்று புகுந்து பற்றிக்கொள்ளும். சபை இதையும் ஒருமுறை அவளுக்கு விளக்கியிருந்தது. உடுமலைக்கு மேலே, அவள் வாய்க்கு வந்ததை உளறியபோது.

பயணிகள் இருமத் தொடங்கினார்கள். கைக்குழந்தை ஒன்று வீறிட்டது. எல்லோரும் நம்பிக்கையோடு தர்ஷினியைப் பார்த்தார்கள். அவள் எழுவதற்குள் கூரையிலிருந்து குரல் வந்தது. தங்கவேல் இல்லை. வால்சிறகும் இல்லை.

“சூடாயிருச்சுன்னா ஊதி ஆத்தோணுமுங்க,” என்றது அந்தக் குரல். “வெசையாப் போனாக் காத்து பட்டு ஆறிரும்.”

அது தர்ஷினியின் குரல். பேக்கரிக் கல்லாவில் உட்கார்ந்து அவள் பேசுகிற அதே குரல், அதே இழுவை.

மறுபேச்சில்லை. ஒரு குண்டு இல்லை, ஒரு உருளை இல்லை. ஐந்நூறு பேரும் அந்தக் குரலுக்கு ‘ஆமாம்’ போட்டார்கள். வானுந்து வேகமெடுத்தது.

“தப்பு,” என்று கத்தினாள் தர்ஷினி. “காத்து பட்டாப் பத்திக்கும். அணைக்கரைல எறக்குங்க.”

“நீங்க கம்முனு இருங்க, எனக்குத் தெரியும்,” என்றது கூரை.

தரை காலைச் சுட்டது. இருக்கைக்கடியிலிருந்து புகை நூல்போலக் கிளம்பியது. அவளுக்கு வேலைப் புத்தி வந்தது. தப்பாகச் சொன்னால் திருத்துமே. பல்லைக் கடித்துக்கொண்டு, தெரிந்த உண்மையைத் தொண்டையில் மிதித்துக்கொண்டு, “இன்னும் வெசையாப் போங்க,” என்றாள்.

“அதைத்தானுங்க நானும் சொல்றேன்,” என்றது அவள் குரல் சந்தோஷமாக. விசிறிகள் ஆறும் ஊளையிட்டன. அணைக்கரை மணல் சன்னலில் பின்னால் ஓடியது.

தர்ஷினி கவினிடம் ஓடினாள். பின்கழுத்துக் கொக்கியைப் பிய்த்து வாய்ப்பூட்டை இழுத்தெறிந்தாள். கவின் விரலைக்கூட உயர்த்தவில்லை, திகைத்துப் பார்த்தார்.

“ஏனுங்க, சீக்கிரம் சொல்லுங்க. நான் வீட்டுல தப்பாப் பேசிட்டு அதுதான் சரின்னு நின்னா, நீங்க என்ன பண்ணுவீங்க?”

“திருத்துவேன்.”

“நீங்க திருத்தி நான் எப்பவாச்சும் கேட்டிருக்கறனா?”

கவின் ஆதாரமில்லாமல் எதுவும் சொல்லமாட்டார். புகைக்கு நடுவே கண்ணை மூடி, கல்யாணத்திலிருந்து ஒவ்வொரு வருடமாகத் தேடிப் பார்த்தார்.

“ஒருக்காக்கூட இல்ல, அம்மிணி,” என்றார்.